காணிக்கைப் பைக்குள் ஒரு கை

என் வயதுக்காரர்களே, உங்கள் வீட்டிலும் இது நடக்காமல் இருக்காது. போன வாரம் என் மகள் காபியை ஆறவிட்டுவிட்டு போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். சென்னைக்கு மாற்றல் கேட்டு எழுதலாமா, வேண்டாமா என்று ஆண்டவரிடம் கேட்கிறாளாம். திரையில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. தொட்டால் திறந்து ஒரு வசனத்தைக் காட்டுகிறது. முதலில் வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாவது புரியவில்லை. மூன்றாவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "மா, பதில் வந்துடிச்சி" என்றாள்.

"மூணாவது வாட்டிதான் ஒத்துக்கினாரா?" என்றேன்.

கோபித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வயதாக ஆக அம்மாவுக்கு விசுவாசம் குறைகிறது என்று நினைக்கிறாள். நினைக்கட்டும். அவளுக்குத் தெரியாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். என் பத்தாவது வயதில், ஒரு கோடைக்காலம் முழுக்க, அவளுடைய போன் செய்கிற வேலையை நான் செய்துகொண்டிருந்தேன். ஆண்டவர் சித்தம் என்னவென்று ஊருக்கே எடுத்துக் கொடுத்த கை இது.

அப்பா உபதேசியார். போதகர் மாதத்துக்கு ஒரு ஞாயிறு திண்டிவனத்திலிருந்து வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் மணி அடிப்பது, ஜெபம் நடத்துவது, பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பது, செத்தவர்களை அடக்கம் பண்ணுவது எல்லாம் அப்பாதான். ஓமந்தூர் பக்கத்தில் தார் ரோட்டை விட்டு இறங்கி, மல்லாட்டை, அதாவது நிலக்கடலைக் கொல்லைகளுக்கு நடுவே கால் மணி நேரம் நடந்தால் எங்கள் காலனி. நாற்பது வீடும், ஓடு வேய்ந்த ஒரு கோயிலும். சபையில் ஒருவருக்கும் சொந்த நிலம் கிடையாது. எல்லாரும் அடுத்தவர் கொல்லையில் கூலிக்குப் போகிறவர்கள். நிலமில்லாதவர்களுக்கு முடிவெடுக்க என்ன இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கிறவனுக்கு ஒரு முடிவு தப்பினால் இன்னொன்று இருக்கும். எங்கள் ஆட்களுக்கு ஒன்று தப்பினால் அதோடு சரி. அதனால்தான் எதற்கெடுத்தாலும் ஆண்டவரைக் கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்று அவ்வளவு பயந்தார்கள்.

கேட்பதற்கு எங்கள் சபையில் ஒரு முறை இருந்தது. சீட்டுப் போடுவது. தினசரி காலண்டரில் கிழித்த இரண்டு தாளை எடுத்து, பின்பக்கம் ஒன்றில் 'சித்தம்' என்றும் இன்னொன்றில் 'சித்தமில்லை' என்றும் அப்பா எழுதுவார். மடித்துக் காணிக்கைப் பைக்குள் போட்டுக் குலுக்குவார். ஞாயிற்றுக்கிழமை காணிக்கை எடுக்கிற அதே பைதான். அரக்கு நிற வெல்வெட்டில் தைத்து, நீளமான மரக்காம்பு பொருத்தியது. உள்ளே நாணய வாசனையும், எத்தனையோ கைகளின் வியர்வை வாசனையும் சேர்ந்து அடிக்கும். அப்பா கண்களை மூடி, "ஆண்டவரே, எங்களுக்குப் புத்தி பத்தாது. நீர்தான் சொல்லணும்" என்று ஜெபிப்பார். ஆமென் சொன்னதும் ஒரு பிள்ளை பைக்குள் கையை விட்டு ஒரு சீட்டை எடுக்கும். அதில் என்ன இருக்கிறதோ அதுதான் தீர்ப்பு.

பிள்ளைதான் எடுக்க வேண்டும். பெரியவர்கள் கையில் ஆசை இருக்கும், பிள்ளை கையில் இருக்காது என்பது அவர்கள் கணக்கு. எனக்கு முன்னால் அண்ணன்தான் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் ரெட்டியார் தோப்பில் மாங்காய் திருடி மாட்டிக்கொண்டதும் அந்தக் கை சரிப்படாது என்று தள்ளிவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். ஈஸ்டர் முடிந்த அடுத்த வாரம் எனக்குப் பதவி வந்தது.

பவிசைக் கேட்காதீர்கள். சீட்டு எடுக்கிற நாளில் அம்மா எனக்குத் தலை பின்னிவிடுவார். கிணற்றடியில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவின கையால் எதையும் தொடக் கூடாது என்று முழங்கை வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, தெருவில் எல்லாரும் பார்க்க, கோயிலுக்கு நடந்து போவேன். என் கையால் நல்ல சீட்டு வந்தவர்கள் வறுத்த மல்லாட்டை கொடுப்பார்கள். ஒரு அம்மாள் கேப்பை அடையில் வெல்லம் வைத்துக் கொடுத்தாள். அண்ணன் கேட்டால் தர மாட்டேன். "திருட்டுக் கைக்கு இல்ல" என்பேன்.

நான்காவதோ ஐந்தாவதோ சீட்டில் எனக்கு ஒன்று பிடிபட்டது. கீழண்டைத் தெருக்காரர் ஒருவர் எருமை பிடிப்பதா வேண்டாமா என்று கேட்க வந்திருந்தார். பைக்குள் கையை விட்டேன். ஒரு சீட்டு ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நகத்தால் இழுத்து அழுத்தி மடித்திருந்தது. இன்னொன்று ஏனோதானோவென்று சுருட்டிப் போட்ட மாதிரி இருந்தது. அழகாக மடித்ததை எடுத்தேன். 'சித்தம்' என்றிருந்தது. அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த எருமையை அவர் வாங்க வேண்டும் என்று அப்பா முதல் நாளே வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு ஞாபகம் வந்தது.

அடுத்த தடவை கவனித்தேன். அதற்கடுத்த தடவையும். அப்பா தன் மனதுக்குச் சரியென்று பட்டதைத் திருத்தமாக மடித்தார். சரியில்லை என்று பட்டதைக் கடமைக்கு மடித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அது அவருக்கே தெரியாது. என் அப்பாவைப் போலக் கள்ளமில்லாத மனிதரை நான் இதுவரை பார்க்கவில்லை. அவர் விரல் அவரைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். நானும் ஏமாற்றுகிறோம் என்று நினைக்கவில்லை. அப்பாவுக்குச் சரியென்று படுவது ஆண்டவருக்கும் சரியாகத்தானே இருக்கும்? அழகாக மடித்ததைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். எருமை நன்றாகக் கறந்தது. உபதேசியார் வீட்டுச் சீட்டு தப்பாது என்று ஓமந்தூர் வரைக்கும் பேச்சு.

பக்கத்து வீட்டு அக்காவின் சீட்டு மே மாதக் கடைசியில் வந்தது. அக்கா எட்டாவதில் வகுப்பிலேயே முதலாவதாகத் தேறியிருந்தாள். ஒன்பதாவது படிக்கத் திண்டிவனத்தில் போர்டிங்கில் சேர்ந்துகொள்ளலாம் என்று வாத்தியாரே வந்து சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அவளுடைய அம்மாவுக்கு இழுப்பு. அடுப்படியில் உட்கார்ந்தால் மூச்சு வாங்கும். பெண் போய்விட்டால் யார் பார்ப்பது என்று அவளுடைய அப்பா குழம்பிப்போய் எங்களிடம் வந்தார். எங்கள் அப்பா அந்த அம்மாள் மூச்சுக்குத் திணறுவதைத் தினமும் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிறவர். அவர் மனது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல வேண்டுமா?

அழகாக மடித்ததை எடுத்தேன். 'சித்தமில்லை'.

அக்கா தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். "சரி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நாலு நாள் கழித்து மல்லாட்டை ஆய்கிற இடத்தில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து காயைப் பிய்த்துக் கூடையில் போட்டபடி, என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"உன் கை மேல எனக்குக் கோவம் இல்ல பாப்பா. கை இன்னா பண்ணும்?"

விரல் நகத்தில் செம்மண் ஏறிய அவள் கையைப் பார்த்தேன். என் கையைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டேன். இந்த அறுபத்து மூன்று வயதிலும் அந்த ஒரு வாக்கியம் நினைவுக்கு வந்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

இனி அத்தையைப் பற்றிச் சொல்கிறேன். அப்பாவின் கூடப்பிறந்த ஒரே தங்கை. அவர்கள் அப்பா அம்மா இருவரும் அடுத்தடுத்துக் காலமானதும், ஆறு வயதில் அத்தையை அப்பா தோளில் தூக்கிக்கொண்டு வந்தாராம். அம்மாவைக் கல்யாணம் பண்ணும்போதே, "தங்கச்சியும் கூட இருக்கும்" என்று சொல்லித்தான் பண்ணினார். நான் சொல்கிற கோடையில் அத்தைக்கு இருபத்திரண்டு வயது. திண்டிவனத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். கிட்டே போனால் பினாயில் வாசனையும் கனகாம்பரமும் கலந்து அடிக்கும். பிரசவ வார்டில் நடந்ததையெல்லாம் அம்மாவிடம் கிசுகிசுவென்று சொல்வாள். நான் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டு கேட்பேன். காதில் சிவப்புக் கல் வைத்த சின்னக் கம்மல். அப்பா வாங்கிக் கொடுத்தது. தலையை ஆட்டி ஆட்டிப் பேசும்போது அது மினுங்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அந்த ஆஸ்பத்திரியில் விழுப்புரத்திலிருந்து ஓர் அம்மாள் குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்து மூன்று வாரம் படுத்திருந்தார். அவருடைய மகன் விழுப்புரம் ஸ்டேஷனில் கலாசி, ரயில்வேயில் எடுபிடி வேலை. வேலை முடிந்ததும் தினமும் பாசஞ்சர் வண்டியில், மடியில் கேரியரை வைத்துக்கொண்டு திண்டிவனம் வந்துவிடுவார். அத்தைதான் அந்த அம்மாளைத் தூக்கி உட்கார வைத்து, உடம்பு துடைத்து, நடக்க வைத்தவள். ஊருக்குப் போன பத்தாவது நாள் அந்த அம்மாள் எங்கள் வீடு தேடி வந்து அத்தையைப் பெண் கேட்டார்.

நல்ல இடம். சர்க்கார் உத்தியோகம். கறுப்பாக, ஒல்லியாக, அதிகம் பேசாத மனிதர். எல்லாம் சரிதான், ஒன்றைத் தவிர. அவர்கள் வேறு சபை. விழுப்புரத்தில் கைதட்டிப் பாடுகிற சபை. அங்கே பெண்கள் நகை போட மாட்டார்கள், பூ வைக்க மாட்டார்கள். எங்கள் கோயிலில் குழந்தையில் வாங்கிய ஞானஸ்நானம் செல்லாது, வளர்ந்த பிறகு தண்ணீரில் முழுகி எடுக்க வேண்டும் என்பார்கள். உபதேசியார் தன் தங்கையையே அந்தச் சபைக்கு அனுப்பினால் ஊர் என்ன சொல்லும்? போதகரிடம் போய்க் கேட்டார். போதகர் கெட்டிக்காரர். "ஜெபம் பண்ணித் தீர்மானியும்" என்று சொல்லி வண்டியை நகர்த்திவிட்டார்.

அப்பா ஜெபம் பண்ணினார். வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் வரை பச்சைத் தண்ணீர் மட்டும். "ஞானத்தைக் கேட்டா ஆண்டவர் குடுப்பார்னு எல்லாருக்கும் சொல்றேன். எனக்குத்தான் வர மாட்டேங்குது" என்று சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார். அவர் பாவம், நாடகம் ஆடவில்லை. கன்னம் ஒட்டிப்போய்விட்டது. ஒருநாள் அம்மா, "இன்னாங்க, அவளை ஒரு வார்த்த..." என்று ஆரம்பித்தார்.

"அது சின்னப் பொண்ணு. அதுக்கு இன்னா தெரியும்?" என்று அப்பா எழுந்து போய்விட்டார்.

அந்தச் சின்னப் பெண் அன்று காலைதான் இரட்டைப் பிள்ளைக்குத் தொப்புள்கொடி அறுக்க நர்சுக்கு விளக்குப் பிடித்துவிட்டு வந்திருந்தாள்.

அந்த வாரம் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற கிணற்றடிக்கு நான் வாளியோடு போனபோது அத்தை துவைகல்லில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஒரு காதுக் கம்மலைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். வெறும் காதைத் தடவினாள். பிறகு கம்மலைத் திரும்ப மாட்டிக்கொண்டு இன்னும் அதிகமாக அழுதாள். நான் வாளியை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அத்தைக்கு இஷ்டமில்லை. கம்மலையும் பூவையும் எங்களையும் விட்டுவிட்டு எந்த மனுஷி போவாள்? தன் அண்ணன் பேச்சைத் தட்ட முடியாமல் அழுகிறாள். சரி, இதற்கு நான் இருக்கிறேன் என்று முடிவு செய்தேன். அப்பாவுக்கும் அரை மனதுதான். இந்தத் தடவை 'சித்தமில்லை' என்ற சீட்டுத்தான் அழகாக மடித்திருக்கும். நான் எடுத்துக் கொடுத்துவிட்டால் அத்தை எங்களோடேயே இருந்துவிடுவாள். பக்கத்து வீட்டு அக்காவுக்குச் செய்ததற்கு இது சரியாகப் போய்விடும் என்றுகூட ஓர் எண்ணம் எனக்கு இருந்தது. பத்து வயது மண்டைக்குள் எவ்வளவு பெரிய நீதிமன்றம் பாருங்கள்.

ஜூன் கடைசி சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்குச் சீட்டு. விழுப்புரத்திலிருந்து மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் வந்தார்கள். சபை மூப்பர் இரண்டு பேர் சட்டை போட்டுக்கொண்டு வந்து முன்னால் உட்கார்ந்தார்கள். ஓட்டுக் கோயிலுக்குள் அனல். பாயில் பெண்கள் பக்கமாக அத்தை தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். நான் கையைக் கழுவிக்கொண்டு, முழங்கை வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்பா இரண்டு தாளிலும் எழுதினார். மடிக்கப் போனபோது அம்மா எழுந்து வந்தார். கோயிலில் அம்மா அப்படி முன்னால் வந்து நான் பார்த்ததில்லை.

"குடுங்க, நான் மடிக்கிறேன். உங்க கை நடுங்குது."

நடுங்கத்தான் செய்தது. முதல் நாள் உபவாசம். அப்பா கொடுத்துவிட்டார். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று மடித்து, பையில் போட்டு, தானே குலுக்கி என் பக்கம் நீட்டினார். அப்பா ஜெபித்தார். "எங்களுக்குப் புத்தி பத்தாது" என்கிற இடத்தில் குரல் உடைந்துவிட்டது. ஆமென்.

கையை விட்டேன். ஒரு சீட்டு தட்டுப்பட்டது. பல்பொடிப் பொட்டலம் மாதிரி நாலு மூலையும் சரியாக மடித்திருந்தது. இதுதான் என்று எடுக்கப் போனேன். இன்னொன்று விரலில் பட்டது. அதுவும் அப்படியே இருந்தது. ஓரம் தடவினேன், நகத்தால் கீறினேன், இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்தேன். எள்ளளவு வித்தியாசம் இல்லை. அம்மா மடித்தால் அம்மா மனது எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

"எடு பாப்பா" என்றார் அப்பா.

வெல்வெட்டுக்குள் என் கை வியர்த்துக் கொட்டியது. அந்த எருமைச் சீட்டுக்குப் பிறகு முதல்முதலாக, எனக்குத் தெரியாமல் ஒன்றை எடுக்கப் போகிறேன். எதை எடுத்தாலும் அத்தையின் ஆயுசுக்கும் அதுதான். செம்மண் ஏறின அந்த நகங்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன. அவ்வளவு நாளும் எல்லார் ஜெபத்துக்கும் நடுவில் நின்றிருக்கிறேனே தவிர, நான் ஒரு தடவைகூட ஜெபித்ததில்லை. தெரிந்தவளுக்கு ஜெபம் எதற்கு? அன்றைக்குத்தான், பைக்குள் கையோடு, மனதுக்குள் சொன்னேன்: ஆண்டவரே, எனக்குத் தெரியல. எனக்கு ஒண்ணுமே தெரியல.

வானத்திலிருந்து சத்தம் எதுவும் வரவில்லை. நிமிர்ந்தேன். அத்தையும் அந்த நேரம் பார்த்து நிமிர்ந்தாள். அவ்வளவுதான். பையிலிருந்து கையை எடுத்தேன், வெறுங்கையாக.

"எனக்குத் தெரியலப்பா. நான் எடுக்க மாட்டேன். அத்தைய கேளுங்க."

ஒரு மூப்பர் அதட்டினார். "இன்னா பாப்பா, கோயில்ல விளையாட்டா? ஜல்தி எடு."

"அத்தைய கேளுங்கப்பா" என்றேன் மறுபடியும். அழுகை வந்துவிட்டது. "எல்லாரும் ஆண்டவரையே கேக்கறீங்க. அத்தைய யாருமே கேக்கல."

அப்பா முகம் போன போக்கை இன்றைக்கும் என்னால் சொல்லத் தெரியவில்லை. அடிப்பாரோ என்று பயந்தேன். அதற்குள் விழுப்புரத்து அம்மாள் பாயில் கையை ஊன்றி எழுந்தார்.

"இருங்க ஐயா. கொழந்த கேக்கறது நியாயந்தானே. மூணு வாரம் என்னைத் தூக்கி குந்த வச்ச பொண்ணு. நானே அதை ஒரு வார்த்த கேக்கல, உங்ககிட்ட வந்து நின்னேன். தப்பு என்னுதுதான்."

அப்பா காணிக்கைப் பையைப் பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். ஆறு வயதிலிருந்து தூக்கி வளர்த்த தங்கையிடம் அவர் முதல்தடவையாக ஒன்று கேட்கிறார். அந்தக் கேள்வி எப்படி வரும் என்று அவருக்கே தெரியவில்லை.

"உனக்கு இன்னாம்மா இஷ்டம்?"

அத்தை எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எனக்குச் சம்மதம்ணா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"நல்லா ரோசன பண்ணிச் சொல்லு. அங்க போனா கம்மலு கழட்டணும். பூ வைக்கக் கூடாது."

"தெரியும்ணா. காதுல கம்மலு இல்லன்னா ஆண்டவர் பேசறது இன்னும் தெளிவாத்தான் கேக்கும்."

மாப்பிள்ளை குனிந்து சிரித்தார். அதட்டின மூப்பரும் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியாமல் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அம்மா பையிலிருந்து இரண்டு சீட்டையும் பிரிக்காமலே எடுத்துக்கொண்டு போய் வீட்டு அடுப்பில் போட்டார். சித்தமா, சித்தமில்லையா, எந்தச் சீட்டில் என் விரல் இருந்தது என்று யாருக்கும் தெரியாது.

நான் தூணோரம் போய் உட்கார்ந்துகொண்டேன். அத்தைக்கு இஷ்டம்! எல்லாம் தெரியும் என்றிருந்த நான், பாசத்தால், அத்தை வாழ்க்கையில் மண்ணைப் போட இருந்தேன். அம்மா மட்டும் அன்றைக்கு மடிக்காமல் இருந்திருந்தால் நான் சந்தோஷமாகத் தேடி எடுத்துக் கொடுத்திருப்பேன். அப்புறம் வறுத்த மல்லாட்டை தின்றிருப்பேன்.

அதற்குப் பிறகு அப்பா சீட்டுப் போடவில்லை. "வூட்ல இருக்கற வாய உட்டுட்டு, பைக்குள்ள கைய உட்டுக்கினு இருந்தேன்" என்று மூப்பர்களிடம் சொன்னார். யாராவது சித்தம் பார்க்க வந்தால், "யாருக்காகக் கேக்கறியோ அவங்கள முதல்ல கேட்டியா? கேட்டுட்டு வா, அப்புறம் சேந்து ஜெபம் பண்ணலாம்" என்பார். சபையில் சிலருக்குப் பிடிக்கவில்லை. சீட்டு என்றால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும். இது பேஜாரு பிடித்த வேலை. வீட்டுக்குப் போய், பெண்டாட்டி, பிள்ளை, மாமியார் எல்லாரையும் கேட்க வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமையே பக்கத்து வீட்டுக்குப் போனார். அக்காவைக் கூப்பிட்டு, "உனக்குப் படிக்கணும்னு இருக்குதாம்மா?" என்று கேட்டார். "இருந்துச்சுங்க ஐயா" என்றாள் அக்கா. அப்பா அவளைக் கூட்டிக்கொண்டு திண்டிவனம் போனார். போர்டிங்கில் இடம் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த வருஷம் அவளுடைய அம்மாவுக்கு ரொம்ப முடியாமல் போய்விட்டது. அவள் படிக்கவே இல்லை. இதை நல்லபடியாக முடித்துச் சொல்ல எனக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை.

காணிக்கைப் பை வெகு காலம் ஓடியது. பிறகு கோயிலை இடித்துக் கட்டியபோது பூட்டுப் போட்ட பெட்டி வைத்துவிட்டார்கள். பை எங்கே போனதோ தெரியவில்லை.

அம்மா கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது ஒருநாள் நானே கேட்டேன். "அன்னிக்கி ஏம்மா நீ மடிச்ச?"

"நீ தடவித் தடவி எடுக்கறத ஆரம்பத்துலேந்து பாத்துக்கினுதானே இருந்தேன்" என்றார் அம்மா. "பக்கத்து வூட்டுப் பொண்ணு விஷயத்துல வாய மூடிக்கினு இருந்துட்டேன். அது என்னை உறுத்திக்கினே இருந்துச்சி."

"அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லியிருந்தா உங்கப்பா ஊழியத்தையே உட்டுட்டுப் போயிருப்பாரு. அவரு மனசு எனக்குத் தெரியாதா?"

அப்பா கடைசி வரை தெரியாமலே போனார். அம்மா செய்தது சரியா என்று எனக்கு இன்னும் தீர்மானமில்லை. ஆனால் எங்கள் வீட்டில் ஞானம் என்று ஒன்று இருந்திருந்தால் அது அம்மாவிடம்தான் இருந்தது. அதற்காக அவர் சத்தமாக ஜெபித்து நான் கேட்டதே இல்லை.

அத்தையிடம் மட்டும் சொல்லாமல் இருந்தேன். நான் கல்யாணமாகி விழுப்புரத்துக்கே வந்தும், வாரம் ஒருநாள் பார்த்தும், இந்த ஒன்று தொண்டையிலேயே நின்றது. மாமா போய் ஐந்து வருஷமாகிறது. அத்தைக்கு எழுபத்தைந்து வயது. வெள்ளைச் சேலை, வெறும் காது, இன்னும் அதே தலையாட்டல். மகள் போனைத் தட்டி என்னிடம் கோபித்துக்கொண்ட அன்று சாயங்காலம், நேரே அத்தை வீட்டுக்குப் போய்க் கொட்டிவிட்டேன். மடிப்பு, விரல், கிணற்றடியில் பார்த்தது, 'சித்தமில்லை' எடுக்க இருந்தது, எல்லாம்.

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"அடிப் பைத்தியமே. இதுக்கா அம்பது வருஷமா மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு இருந்த? நீ எதை எடுத்திருந்தாலும் நான் போயிருப்பேன்டி. துணிமணியெல்லாம் பொட்டியில கட்டி ஆஸ்பத்திரியில குடுத்து வச்சிட்டுத்தான் சீட்டுக்கே வந்து குந்துனேன்."

"அப்புறம் ஏன் அத்தே கெணத்தாண்ட அப்படி அழுத?"

அத்தை சிரிப்பை நிறுத்தினாள். வெறும் காதை ஒருதரம் தடவிக்கொண்டாள்.

"எல்லாரும் போலாமா வேணாமான்னு கேட்டீங்க. நான் அதைக் கேக்கல. எங்கண்ணன் என்னை ஒரு வார்த்த கேக்கணும், நான் அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லிட்டுப் போவணும், திருட்டுத்தனமா போவக் கூடாது. அதைத்தான் ஆண்டவர்கிட்ட கேட்டுக்கினு இருந்தேன். மூணு வாரமா கேட்டேன். அண்ணன் என்னைக் கேக்கவே இல்ல. எப்படிடி அழாம இருப்பேன்?"